இடக்கையும் மூளையும்: ஒகேனக்கல்லை முன்வைத்து

இடதுகைப் பழக்கம் என்பது எழுதுவது, எறிவது, நறுக்குவது, ஊசியில் நூல் கோப்பது போன்ற நுணுக்கமான வேலைகளுக்கு ஒருவர் யோசிக்காமலே இடக்கையை நீட்டுவதைக் குறிக்கும். சாப்பிடுவது இந்த இலக்கணத்தில் சேராது. எந்தக் கையால் சாப்பிடுவது என்பதைத் தமிழ்நாட்டில் சாப்பிடுகிறவர் முடிவு செய்வதில்லை. பருப்புச்சாதம் பிசைந்து கொடுக்கும் வயதிலேயே பாட்டிமார் முடிவு செய்து, மேல்முறையீட்டுக்கு இடமின்றி அமல்படுத்தியும் விடுகிறார்கள். எனவே இங்குள்ள இடதுகையர் பெரும்பாலும் இடக்கையால் எழுதி, வலக்கையால் உண்டு, காசு கொடுக்கும் நேரத்தில் மட்டும் இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிற கலப்பு இனம்.

இவர்கள் எத்தனை பேர்? 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 23 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பற்றிய பழைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 10.6 சதவீதம் என்று கணக்குச் சொன்னது. யார் இடதுகையர் என்பதற்குக் கறாரான அளவுகோல் வைத்தால் இது 9.3 ஆகக் குறைகிறது. தாராளமாக வைத்தால் 18.1 வரை ஏறுகிறது. பெண்களைவிட ஆண்களில் சற்றே அதிகம். கையை மாற்றிவிடும் வழக்கமுள்ள நாடுகளில் கணக்கு குறைவாகவே வரும். அங்கே இடதுகைக் குழந்தைகள் குறைவாகப் பிறக்கிறார்கள் என்பதல்ல, பிறந்தபின் புறங்கையில் அடி வாங்குகிறார்கள். ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் காவிரியில் முங்கி எழும் கூட்டத்தில் பத்துக்கு ஒருவர் என்று தேடினால் அகப்பட மாட்டார். ஆற்றுநீரை அள்ளித் தலையில் தெளிக்கும்போது எல்லாரும் வலதுகையர்தான்.

இடதுகையரின் அறிவு பற்றிய விவாதம் ஆய்வுக்கூடங்களில் நடப்பதைவிடச் சாப்பாட்டு இலைகளுக்கு நடுவில் நடப்பதே அதிகம். மிக அண்மையில், சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஒகேனக்கல் பரிசல் துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அது நடந்தது. மீன் வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்தும் வறுத்தும் தருகிற பெண்கள் அந்தப் பக்கம் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஓர் அடுப்பருகே களியும் குழம்புமாக அமர்ந்திருந்த ஓர் இடதுகையரின் (பெயர் தேவையில்லை, இக்கட்டுரையை எழுதியவருக்கு மிக நெருங்கியவர், இருவருக்கும் ஒரே சட்டைதான்) இடக்கை, முள் எடுப்பதற்காக இலைக்கு வந்தது. பக்கத்து இலைக்காரர் பார்த்துவிட்டார்.

“சார் லெஃப்ட் ஹேண்டா?”

“ஆமாங்க.”

“அப்ப மூளை ஜாஸ்தியா இருக்கணுமே! சச்சின், அமிதாப், ஒபாமா, பில் கேட்ஸ், ஐன்ஸ்டீன், எல்லாம் உங்க ஆளுங்கதான். சார் என்னா பண்றீங்க?”

பதில் சொல்லப்பட்டது. பக்கத்து இலைக்காரர் ஒரு வாய் களியை விழுங்கும்வரை யோசித்துவிட்டு, “பரவால்ல சார்” என்றார்.

பாராட்டில் தொடங்கி வருமானக் கணக்குக் கேட்பதில் முடிகிற இந்த உரையாடல் புதிதல்ல. இடதுகையர் ஒவ்வொருவரும் இதை மனப்பாடமாக அறிவார். வலதுகையரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஒரு வலதுகையர் ஆயுள் முழுக்க ஒன்றும் சாதிக்காமல் இருந்தால் அது அவருடைய சொந்த விஷயம். இடதுகையர் சாதிக்காவிட்டாலோ, லியோனார்டோ டாவின்சியை நேரில் வைத்து அவமானப்படுத்தியதாக ஆகிவிடுகிறது.

பட்டியலைச் சரிபார்க்கலாம். அமிதாப், ஒபாமா, பில் கேட்ஸ் மூவரும் இடக்கையால் எழுதுகிறவர்கள், ஆட்சேபணை இல்லை. சச்சின் டெண்டுல்கர் இடக்கையால் எழுதுகிறார், ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்த மட்டையை வலதுகைக்காரராகவே பிடித்தார். கங்கூலி நேர்மாறு: இயல்பில் வலதுகையர், மட்டை பிடிப்பதில் மட்டும் இடதுகை. ஐன்ஸ்டீன் கரும்பலகையில் எழுதும் படங்கள் இருக்கின்றன. சுண்ணக்கட்டி வலக்கையில் இருக்கிறது. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆகஸ்ட் 13, உலக இடதுகையர் நாள், வந்தால் போதும். ஐன்ஸ்டீன் மறுபடியும் கை மாறி வாட்ஸ்அப்பில் வந்து நிற்பார்.

கை விருப்பம் பள்ளிக்கூடத்தில் தொடங்குவதில்லை, வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பர் குழுவினர், கருவிலிருக்கும் சிசுக்கள் எந்தக் கைக் கட்டைவிரலைச் சூப்புகின்றன என்று ஸ்கேனில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அவை வளர்ந்து பள்ளிப் பிள்ளைகளான பின் தேடிப் போனார்கள். வலது விரலைச் சூப்பிய 60 பேரும் வலதுகையர். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடதுகையர். மற்ற 5 பேர் வலப்பக்கம் வந்து சேர்ந்திருந்தார்கள். பாட்டிமார் அந்த ஊரிலும் உண்டு போலும். மரபணுவைப் பொறுத்தவரை, 17 லட்சம் பேரின் தகவல்களை அலசிய 2021ஆம் ஆண்டு ஆய்வு, இடதுகைப் பழக்கத்தோடு தொடர்புடைய 41 இடங்களை மரபுத்தொடரில் அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. இடதுகைக்கென்று தனி மரபணு கிடையாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவர் வலதும் மற்றவர் இடதுமாக இருப்பதும் அபூர்வமில்லை. ஆகவே, “எங்க வம்சத்துல யாருக்கும் இந்தப் பழக்கம் கெடையாது, இது அவங்க பக்கத்துல இருந்து வந்தது” என்று சம்பந்தி வீட்டைக் கைகாட்டுவதற்கு அறிவியல் ஆதாரம் போதாது.

அடுத்து மூளை. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. இதுவரை உண்மை. இங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, இடதுகையர் வலது மூளையால் சிந்திப்பவர், வலது மூளை கற்பனையின் இருப்பிடம், ஆகவே இவர்கள் பிறவிக் கலைஞர்கள் என்று முடித்துவிடுவது வழக்கம். நடுவில் இருப்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச முடியாமல் இறந்த நோயாளியின் மூளையைத் திறந்தபோது, சேதம் இடது முன்பகுதியில் இருந்தது. பேச்சு இடப்பாதியில் குடியிருக்கிறது என்ற முடிவுக்கு அவர் போக அதுவே தொடக்கம். அப்படியானால் இடதுகையருக்குப் பேச்சு வலப்பாதியில் இருக்க வேண்டும் என்று நெடுநாள் நம்பினார்கள். 2000இல் ஜெர்மனியில் அளந்து பார்த்தார்கள். முழு வலதுகையரில் 4 சதவீதத்தினருக்கும், இரண்டு கையும் கலந்து பயன்படுத்துவோரில் 15 சதவீதத்தினருக்கும், முழு இடதுகையரில் 27 சதவீதத்தினருக்கும் பேச்சு வலப்பாதியில் இருந்தது. அதாவது இடதுகையரிலும் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எல்லாரையும் போல இடது மூளையால்தான் பேசுகிறார்கள்.

‘வலது மூளை, இடது மூளை’ என்ற பேச்சு கடைத்தெரு வரை வந்ததற்கு ரோஜர் ஸ்பெர்ரியின் ஆய்வு காரணம். வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்டவர்களை அவர் சோதித்தார். 1981இல் நோபல் பரிசும் பெற்றார். வெட்டப்படாத மூளையில் இரண்டு பாதிகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன. சுயமுன்னேற்றப் புத்தகம் எழுதுகிறவர்கள் அந்தக் கற்றையை மறுபடியும் வெட்டிவிட்டார்கள்.

ஒருவர் எந்த அளவுக்கு இடதுகையர் என்பதை அளக்க உலகெங்கும் பயன்படுவது, 1971இல் ஓல்ட்ஃபீல்ட் வெளியிட்ட எடின்பரோ வினாப்பட்டியல். பத்து வேலைகளைச் சொல்லி, எதற்கு எந்தக் கை என்று கேட்கும்: எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல்துலக்கி, கத்தி, கரண்டி, துடைப்பம், தீக்குச்சி, பெட்டி மூடி. ஸ்காட்லாந்துக்கு இது போதும். ஒகேனக்கல்லில் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நிற்காது.

எழுதுவதிலும் வரைவதிலும் சிக்கல் இல்லை. தமிழ் இடமிருந்து வலமாக ஓடுவதால் இடதுகையர் எழுதிக்கொண்டே, எழுதியதைத் தேய்த்துக்கொண்டும் போவார். சுண்டுவிரல் ஓரம் மாலைக்குள் நீலமாகிவிடும், அவ்வளவே. எறிவதற்கு ஒகேனக்கல்லில் தோதான இலக்கு குரங்குதான். எந்தக் கையால் எறிந்தாலும் அது நகர்ந்துவிடுகிறது. அதே குரங்கு சிப்ஸ் பாக்கெட்டை இடக்கையால் பறித்து, இடக்கையாலேயே தின்னும்போது, “சோத்தாங்கையில தின்னு” என்று எந்தப் பெரியவரும் அதட்டுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கத்தரிக்கோல் வலக்கைக்கென்றே செய்யப்படுவது. வலக்கையில் பிடிக்கும்போது கட்டைவிரலின் அழுத்தம் இரண்டு அலகையும் நெருக்கும். இடக்கையில் அதே அழுத்தம் அலகுகளை விலக்கும், துணி வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும். பல்துலக்கி என்ற கேள்வி, விரலில் பல்பொடி தொட்டு ஆற்றங்கரையில் நிற்பவரிடம் செல்லாது. வாய்க்குள் போகும் விரல் என்பதால் அதுவும் பாட்டி இலாகா.

கத்தியும் அப்படியே. ஒகேனக்கல் மீன்காரர்களிடம் இருப்பது அரிவாள்மனை. பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, மீனை இரண்டு கையாலும் பிடித்து, அலகின் மேல் தள்ளுகிறார்கள். கத்தி அசைவதில்லை, மீன்தான் அசைகிறது. இதில் கத்தி பிடித்த கை எது என்று கேட்டால் ஓல்ட்ஃபீல்டே எழுந்து போயிருப்பார்.

கரண்டிதான் உண்மையான சிக்கல். அதற்கு இங்கே கை என்று பொருள்கொள்ள வேண்டும். கை என்றவுடன் மீன் வந்துவிடுகிறது. தருமபுரிப் பக்கத்துச் சாப்பாட்டில் களி பிரச்சினை செய்யாது. வலக்கையால் ஒரு விள்ளல் கிள்ளி, கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினால் போதும். பயிற்றுவிக்கப்பட்ட எந்த வலக்கையும் இதைச் செய்யும். மீன் அப்படியல்ல. ரோகு, கட்லா, கெண்டை எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் சதைக்குள் கவட்டை வடிவத்தில் மெல்லிய முட்கள் எலும்போடு ஒட்டாமல் தனித்தனியாகப் புதைந்திருக்கும். அவற்றைத் தேடி எடுக்க, பேனா பிடிக்கும் அதே கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வேண்டும். பாட்டி வலக்கைக்குச் சொல்லிக்கொடுத்தது மொத்த வியாபாரம்; முள் எடுப்பது சில்லறை வியாபாரம். பாட்டி சொல்லித்தந்த கை சதையைப் பிசைகிறதே தவிர முள்ளைக் கண்டுபிடிப்பதில்லை. கண்டுபிடிக்கத் தெரிந்த கை தொடையின் மேல் சும்மா கிடக்கிறது.

இந்நிலையில் இடதுகையர் நான்கு வழிகளைக் கையாள்வதாக அறியப்படுகிறது. வாய்க்குள் மொத்தமாகப் போட்டுக்கொண்டு நாக்கால் பிரிப்பது ஒன்று. அப்போது பேச முடியாது, பேசினால் அதுவே கடைசிப் பேச்சாகிவிடலாம். மனைவியிடமோ தங்கையிடமோ இலையை நகர்த்தி, “கொஞ்சம் பாத்துக் குடேன்” என்பது இரண்டாவது. நாற்பது வயதுக்கு மேல் இதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். முள் குறைவான ஜிலேபி மீனை மட்டும் தின்று, “எனக்கு இதுதான் பிடிக்கும்” என்று ஊரை நம்பவைப்பது மூன்றாவது. பல இடதுகையர் இப்படியே ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள். நான்காவது, யாரும் பார்க்காத நேரத்தில் இடக்கையை இலைக்குக் கொண்டுவருவது. யாரும் பார்க்காத நேரம் என்று தமிழ்நாட்டில் ஒன்று கிடையாது. பரிமாறுகிறவர் பார்ப்பார், எதிர்வரிசைக்காரர் பார்ப்பார், மண்டபம் என்றால் வீடியோக்காரர் அந்த நொடியில்தான் விளக்கைத் திருப்புவார். ஓர் அத்தை, “என்ன கண்ணு இது, பீச்சாங்கையில” என்று சொல்லி முடிப்பதற்குள் கை தன்னால் கீழே போய்விடும். அத்தைக்கு வயது எண்பத்திரண்டு. கண்புரை இரண்டிலும் உண்டு. இது மட்டும் தெரிகிறது. மதுரை வெள்ளியம்பலத்தில் பாண்டியன் கேட்டுக்கொண்டதற்காக இறைவனே கால் மாற்றி ஆடினான் என்று கொண்டாடுகிறார்கள். முள் எடுக்கக் கை மாற்றினால் மட்டும் குடி முழுகிவிடுகிறது.

துடைப்பத்துக்கு வருவதற்கு முன் ஒன்று குறிப்பிட வேண்டும். ஒகேனக்கல்லில் மீன் சமைத்துத் தந்த அம்மா, எந்தக் கை இலையில் இருக்கிறது என்பதை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் எண்ணெய் வாங்க முன்பணம் கேட்டபோது இடக்கை நீட்டிய நோட்டைத் தொட மறுத்துவிட்டார். “போணி காசு சாமி, சோத்தாங்கையில குடு.” வலக்கையில் மீன் பை. பையைக் கை மாற்றி, நோட்டைக் கை மாற்றி, இரண்டையும் கீழே போட்டு, பொறுக்கிக் கொடுத்த பிறகு அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டைப் பை இடப்பக்கம் தைக்கப்படுவது வலக்கை எட்டுவதற்காகவே என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். இடதுகையர் தம் சொந்தப் பணத்தைத் தம் சொந்தப் பையிலிருந்து எடுப்பதற்குத் தம் சொந்த நெஞ்சில் முழங்கையை இடித்துக்கொள்ள வேண்டும்.

துடைப்பக் கேள்வியில் எடின்பரோ கேட்பது, நீளக் கம்பில் மேலே இருக்கும் கை எது என்பது. நம் துடைப்பம் ஒற்றைக் கைக்கானது. ஒகேனக்கல்லில் இதற்குப் பதில் துடுப்பை வைத்துக் கேட்கலாம். பரிசல் வட்டமானது, மூங்கில் பின்னலின் அடியில் முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் இருக்கும். ஓட்டுகிறவர் ஒரே துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரைத் தன் பக்கம் வாங்குகிறார். எந்தக் கை மேலே என்று ஒரு பரிசல்காரரிடம் கேட்டபோது அவர் முதன்முறையாகத் தன் கைகளைக் குனிந்து பார்த்துவிட்டு, “தண்ணி இழுக்கற பக்கத்தப் பொறுத்து சார்” என்றார். பரிசல் அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. இந்தத் தருமபுரி மாவட்டத்தில் இடமும் வலமும் இல்லாத வாகனம் அது ஒன்றுதான். பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து ஏறினால் அதையும் நிறுத்திவிடுவார்கள். தீக்குச்சிக்கும் பெட்டி மூடிக்கும் தனி விளக்கம் தேவையில்லை.

கை பழக்கத்துக்கு வளையும் என்பதற்கு நல்ல சான்று காந்தி. 1909 நவம்பரில் கில்டோனன் காசில் கப்பலில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும்போது அவர் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதினார். கையெழுத்துப் படி 275 பக்கம். வலக்கை ஓய்ந்தபோது இடக்கைக்கு மாற்றி 40 பக்கம் எழுதினார். இடக்கை எழுதிய பக்கங்களில் ஆங்கில ஆட்சி மேல் கோபம் குறைந்ததாகவோ கற்பனை கூடியதாகவோ யாரும் சொன்னதில்லை.

இனி முதன்மைக் கேள்வி. அறிவுத்திறன் சோதனைகளில் வலதுகையருக்கும் இடதுகையருக்கும் உள்ள வேறுபாட்டைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வலதுகையருக்குச் சற்றே அதிகம் என்றும், அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தகாதது என்றும் முடித்தார்கள். படைப்பாற்றலிலும் இதே கதை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேனியல் கசசாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு நூற்றாண்டுத் தரவுகளைத் திரட்டி 2025இல் வெளியிட்ட ஆய்வின்படி, இடதுகையருக்குக் கூடுதல் படைப்பாற்றல் எதுவும் இல்லை. ஓவியத்திலும் இசையிலும் அவர்கள் விகிதத்துக்கு மேல் இருக்கிறார்கள். படைப்பாற்றல் தேவைப்படும் மற்றத் தொழில்களைச் சேர்த்து எண்ணினால் விகிதத்துக்குக் கீழே போய்விடுகிறார்கள். சம்பளம் பற்றியும் ஆய்வு உண்டு. அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்துப் பொருளாதார அறிஞர் ஜோஷுவா குட்மன் 2014இல் கணக்கிட்டது: இடதுகையரின் ஆண்டு வருமானம் மற்றவர்களைவிட 10 முதல் 12 சதவீதம் குறைவு. பக்கத்து இலைக்காரரின் “பரவால்ல” இவ்வாறு புள்ளிவிவர அந்தஸ்து பெறுகிறது.

ஆயுள் பற்றிய பயமுறுத்தலையும் தீர்த்துவிடலாம். 1991இல் ஆய்வாளர்கள் கோரன், ஹால்பர்ன் இருவரும் கலிஃபோர்னியாவில் இறந்தவர்களின் கணக்கை எடுத்து, இறந்தபோது வலதுகையரின் சராசரி வயது 75, இடதுகையருடையது 66 என்று அறிவித்தார்கள். ஒன்பது ஆண்டு போயிற்று என்று உலகம் அலறியது. உண்மையில், அந்தக் காலத்துப் பள்ளிகள் இடதுகைப் பிள்ளைகளை அடித்து மாற்றியதால், முதியவர்களில் இடதுகையராக மிஞ்சியவர்களே குறைவு. பட்டியலில் இளையவர்கள் அதிகம் இருந்தால் சராசரி வயது இறங்கத்தான் செய்யும். இறந்தவர்களின் கூட்டல் கணக்கில் பிழை இல்லை. பிரம்பைத்தான் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்கள்.

இடதுகையருக்கு உறுதியான அனுகூலம் ஒரே இடத்தில் உண்டு. எதிராளியை நேருக்கு நேர் பார்த்து, கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய விளையாட்டுகளில்: குத்துச்சண்டை, வாள்வீச்சு, மேசைப்பந்து, கிரிக்கெட். நீச்சலில் இந்த அனுகூலம் இல்லை. எனவே இது மூளையின் மேன்மை அல்ல. இடதுகையர் அரிது, அவர்களைச் சந்தித்துப் பழக மற்றவர்களுக்கு வாய்ப்புக் குறைவு, அவ்வளவே. பக்கத்து மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த இடதுகை வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜன், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்குள் நுழைந்து, அடுத்த ஜனவரிக்குள் ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். காலடியில் விழும் அவருடைய யார்க்கர் எந்தக் கோணத்திலிருந்து வருகிறது என்பது மட்டையாளருக்குத் தொல்லை. பக்கத்து இலைக்காரரின் பட்டியலில் இவர் இல்லை. பென்னாகரம் வழியாக இரண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய ஊர்க்காரரை விட்டுவிட்டு, கையும் தவறான ஐன்ஸ்டீனைத் தேடி ஜெர்மனி போகிறார்கள்.

எண்ணெய் மசாஜ் தொழிலையும் சொல்லாமல் ஒகேனக்கல் முழுமை பெறாது. பாறை மேல் குப்புறப் படுத்திருந்த மேற்படி இடதுகையரின் தோளை அழுத்திய மசாஜ்காரர், “பீச்சாங்கைதான் உங்களுக்கு வேலை செய்யற கையா சார்? இந்தப் பக்கம் இறுகிக் கெடக்குது” என்று கண்டுபிடித்தார். அடுத்து பில் கேட்ஸ் வருவார் என்று உடம்பு விறைத்தது. வரவில்லை. “ரெண்டு தோளுக்கும் ஒரே ரேட்டுதான் சார்” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இந்தத் துறையில் இதுவரை வெளியான கருத்துகளில் இது நிதானமானது.

சிந்தனையைக் கை பாதிக்கவே இல்லையா என்றால், ஓரிடத்தில் பாதிக்கிறது. அதையும் கண்டறிந்தவர் அதே கசசாண்டோதான், 2009இல். அருகருகே இரண்டு பொருள்களையோ இரண்டு வேலை விண்ணப்பங்களையோ வைத்து எது மேல் என்று கேட்டால், வலதுகையர் வலப்பக்கம் இருப்பதையும் இடதுகையர் இடப்பக்கம் இருப்பதையும் தேர்ந்தெடுக்கச் சாய்கிறார்கள். எந்தக் கை தடங்கலின்றி ஓடுகிறதோ அந்தப் பக்கம் நல்ல பக்கமாகிவிடுகிறது. பிறகு வலதுகையர் சிலருக்கு வலக்கையில் பெரிய கையுறையை மாட்டி, பன்னிரண்டு நிமிடம் டோமினோக் கட்டைகளை அடுக்கவைத்தபோது, அவர்களுக்கும் இடப்பக்கம் நல்லதாகத் தோன்றத் தொடங்கியது. ஆக, வலம் மங்கலம், இடம் அமங்கலம் என்பது பத்தில் ஒன்பது பேரின் தசை வசதி. அந்த ஒன்பது பேர்தான் சாஸ்திரம் எழுதினார்கள், கத்தரிக்கோல் செய்தார்கள், சட்டைப் பை தைத்தார்கள். சோழர் காலம் தொட்டு 19ஆம் நூற்றாண்டு வரை தமிழ்நாட்டுச் சாதிகள் வலங்கை, இடங்கை என்று பிரிந்து சண்டையிட்டன. 1652இலும் 1707இலும் சென்னைப்பட்டினத்தின் தெருக்களில் கலவரமே நடந்தது. அதில் இடங்கைக்காரர்களும் வலக்கையால்தான் சாப்பிட்டார்கள்.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவுவது ஒன்றுதான். வரிசையாக இலை போடும்போது, முள் எடுக்க வரும் இடதுகையரின் இடது முழங்கை அவருக்கு இடப்புறம் இருப்பவரின் வலது முழங்கையில் இடிக்கும். பந்தி நடத்துவோர் அவருக்கு வரிசையின் இடது கோடியில் இடம் கொடுத்து, ஜிலேபி மீனை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பாராட்டுரை தேவையில்லை.